அப்பாவோட தேனீ அனுபவத்தை வீடியோவா போடுறேன், 11 மாசமாச்சு, இதுல வருமானம் வர வழி என்ன?

குழித்துறை_தேன்கூடு:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிச்சுட்டு வழி சொல்லுங்க.

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். அப்பாவுக்கு 58 வயசு, 1986ல இருந்து தேனீ வளர்ப்புதான் தொழில். ரப்பர் தோட்டங்கள்ல 140 பெட்டி வச்சிருக்காரு, எல்லாம் நம்ம நாட்டு அடுக்குத் தேனீ. 1991, 92ல தாய் (தாய்லாந்து) சாக்புரூட்னு தேனீப் புழுவக் கொல்லுத வைரஸ் வந்து கேரளாலயும் எங்க மாவட்டத்துலயும் பெட்டி பெட்டியா அழிஞ்சப்போ அப்பாகிட்ட இருந்த 60 பெட்டில மிஞ்சுனது 3. அந்த 3 பெட்டிய வச்சு, நோயத் தாங்குன கூட்டத்த மட்டும் பிரிச்சுப் பிரிச்சு இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்காரு. பெட்டியத் தொறக்காமலே வாசல்ல ஈ மகரந்தம் கொண்டுட்டு வர்றதப் பாத்தே உள்ள ராணி இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாரு, நான் சின்ன வயசுல இருந்து பாக்கேன், ஒரு தடவகூட தப்பினதில்ல.

நான் சவுதில 4 வருஷம் ஏசி மெக்கானிக்கா இருந்துட்டு போன வருஷம் ஊருக்கு வந்துட்டேன். திரும்பப் போக மனசில்ல. தேன மொத்தமா கொடுத்தா கிலோவுக்கு 150 ரூபா பக்கம்தான் கெடைக்குது, அதே தேன் டவுன்ல பாட்டில்ல 400 ரூபாய்க்கு விக்குது. அப்பாவுக்குத் தெரிஞ்சத வீடியோவா போட்டா ஏதாவது வருமானம் வரும்னு நெனச்சு யூடியூப் சேனல் ஆரம்பிச்சேன். 11 மாசத்துல 43 வீடியோ போட்டாச்சு. 812 பேர் சப்ஸ்கிரைப் பண்ணிருக்காங்க. கூட்டம் பிரிஞ்சு வந்து அப்பா கையில உக்காந்த ஷார்ட்ஸ் ஒண்ணுக்கு மட்டும் 4 லட்சம் வியூ வந்துது, மத்ததெல்லாம் 200, 300லயே நிக்குது. இதுவரைக்கும் ஒரு ரூபா வரல.

வீட்டுல அம்மா கேக்கத் தொடங்கிட்டாங்க. வீடியோ எடுக்கறது, எடிட் பண்றது, அப்பா பேசறத தள்ளி வச்சுட்டு நானே நல்ல தமிழ்ல வாய்ஸ் குடுக்கறதுன்னு ஒரு வீடியோவுக்கு 3 நாள் போவுது. இதுல கமெண்ட்ல தினமும் ஒரே தொல்லை, அண்ணே பெட்டி கெடைக்குமா, எங்க பெட்டில ஈ ஓடிப்போச்சு என்ன பண்ண, அடைல புழு செத்துக் கெடக்கு பாத்து சொல்லுங்கன்னு. பதில் சொல்லியே நேரம் போவுது. ஷார்ட்ஸ் நெறைய போடணுமா, கேமரா வாங்கணுமா, இல்ல இத விட்டுட்டு வேற வேலை பாக்கணுமா? வில்லேஜ் குக்கிங் சேனல் மாதிரி ஊர்க்காரங்க எத்தனையோ பேர் ஜெயிச்சிருக்காங்களே, நாங்க எங்க தப்பு பண்றோம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

காயில்கட்டு_கோபி:

தம்பி, நான் கோபிச்செட்டிபாளையம் பக்கமுங்க. போர் மோட்டாருக்கு காயில் கட்டறதுதான் 22 வருசமா தொழில். 2020ல லாக்டவுன்ல கடை பூட்டிக் கெடந்தப்போ பையன் போன்ல எடுத்துப் போட ஆரம்பிச்சான், இப்ப 31 ஆயிரம் பேர் இருக்காங்க. என் கணக்க ஒளிக்காம சொல்றனுங்க, அப்பத்தான் உங்களுக்கு ஒரு தெளிவு வரும்.

முதல்ல ரூல். விளம்பரப் பணம் வரணும்னா 1000 சப்ஸ்கிரைபர் வேணும், அதோட கடைசி 12 மாசத்துல 4000 மணி நேரம் ஜனங்க பாத்திருக்கோணும், இல்லீனா 90 நாள்ல ஷார்ட்ஸுக்கு 1 கோடி வியூ வரோணும். ஷார்ட்ஸ் ஃபீட்ல ஓடற நேரம் அந்த 4000 மணி நேரத்துல சேராதுங்க, இது நெறைய பேருக்குத் தெரியறதில்ல. உங்க 4 லட்சம் வியூ வந்த ஷார்ட்ஸ் அதுக்கு ஒரு நிமிசம்கூட உதவலீங்க. 500 சப்ஸ்கிரைபர், 3000 மணி நேரம், 90 நாள்ல 3 வீடியோன்னு ஒரு சின்ன வாசப்படியும் இருக்குது, ஆனா அதுல மெம்பர்ஷிப், சூப்பர் தேங்க்ஸ் மாதிரி பாக்கறவங்க நேரா கொடுக்கற காசுதான், விளம்பரம் கெடையாது.

சரி அதெல்லாம் தாண்டிட்டீங்கன்னு வச்சுக்குவோம். நீள வீடியோவுக்கு விளம்பரத்துல வர்றதுல 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸ்ல 45 சதவீதம். எனக்கு 1000 வியூவுக்கு கைக்கு வர்றது 35ல இருந்து 60 ரூபா வரைக்குமுங்க. மாசம் 2 லட்சம் வியூ போனா 8 ஆயிரத்துல இருந்து 11 ஆயிரம். 31 ஆயிரம் பேர் வச்சிருக்கற சேனல் நிலைமையே இதுதான்னா பாத்துக்குங்க. இத நம்பி குடும்பம் நடத்த முடியாது.

ஆனா எனக்கு சேனல்னால வர்ற வருமானம் அது இல்லீங்க. ஒட்டன்சத்திரத்துல இருந்து, பெரம்பலூர்ல இருந்து எல்லாம் மோட்டார பஸ்ல போட்டு உடறாங்க. உள்ளூர் கடைல ரெண்டு தடவ கட்டியும் எரிஞ்சு போச்சு, நீங்க வீடியோவுல சொன்ன அதே கோளாறுன்னு சொல்லி நம்பி அனுப்பறாங்க. முன்ன மாசம் 15 மோட்டார் வந்த எடத்துல இப்ப 40க்கு மேல வருது, ரெண்டு பசங்கள வேலைக்கு வச்சிருக்கேன். அந்த ஆளுங்க எல்லாரும் எங்கிருந்து வந்தாங்கன்னு நெனைக்கறீங்க, கமெண்ட்ல இருந்துதானுங்க. எம்மோட்டார் இப்பிடி சத்தம் போடுதுன்னு கேட்டவங்கதான் வாடிக்கையா மாறினாங்க.

நீங்க தொல்லைன்னு எழுதியிருக்கீங்களே, அதப் படிச்சதும் எனக்கு மனசு பதறிப்போச்சு. பெட்டி கெடைக்குமான்னு ஒருத்தர் கேக்கறது தொல்லையில்ல தம்பி, அது யாவாரம். 11 மாசமா வாசல்ல வந்து நிக்கறவங்கள திருப்பி அனுப்பிட்டு இருந்திருக்கீங்க.

வில்லேஜ் குக்கிங் சேனல் சொன்னீங்க. சின்ன வீரமங்கலம்காரங்க 2018ல ஆரம்பிச்சு 2021ல 1 கோடி சப்ஸ்கிரைபர் எடுத்தாங்க, தமிழ்ல அதுதான் முதல் தடவ. அண்ணன் தம்பிங்க அஞ்சு பேர் இருந்தும், சமையல் கைப்பக்குவம் தெரிஞ்ச தாத்தாவத்தான் முன்னாடி நிறுத்துனாங்க. நீங்க அப்பா குரல எடுத்துட்டு உங்க குரல வைக்கறீங்க. 39 வருச அனுபவம் பேசற குரல் அது, அத எதுக்குங்க மறைக்கறீங்க?

---

ரீல்ஸ்_ராசா:

ப்ரோ எல்லாரும் ஷார்ட்ஸ் வேஸ்ட்னு சொல்றாங்க ஆனா புதுசா ஆளுங்க வர்றது இப்ப அதுலதான். டெய்லி ஒண்ணு போடுங்க, முதல் 2 செகண்ட்ல தேன் ஒழுகறத காட்டுங்க, முகத்துல ஈ மொய்க்கற மாதிரி காட்டுங்க, கண்டிப்பா ஓடும். ஷார்ட்ஸ்ல இருந்து நீள வீடியோவுக்கு லிங்க் குடுக்கற வசதியும் இருக்கு. ஃபுல்லா அடைய வெட்டி பிழியற வீடியோவுக்கு எல்லாம் மில்லியன் கணக்குல போகுது, நீங்க பெட்டி தேனீன்னு கிளாஸ் எடுத்தா யார் பாப்பா.

---

பேச்சிப்பாறை_பழையவன்:

மேல எழுதின தம்பி கோவிச்சுக்காதீங்க, அந்த அடைய வெட்டிப் பிழியற வீடியோவப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். அதுல பிழியறது தேன் மட்டும் இல்ல, பாதி அடையில புழுவும் முட்டையும் இருக்கும், அதையும் சேத்து நசுக்குதாங்க. ஒரு கூட்டம் முழுக்க அதோட போச்சு. அதப் பாத்துட்டு ஊருல இருக்கற பசங்க தீப்பந்தம் கொண்டு மலைத்தேன் கூட்டக் கொளுத்த போறாங்க. பெட்டில தேன் அறை மேல தனியா, புழு அறை கீழ தனியா இருக்கறதே அந்தப் பாவம் வேண்டாம்னுதான. மேல இருக்கற, அடை கட்டுன மரச்சட்டத்த எடுத்து மெஷின்ல சுத்தி தேன மட்டும் எறக்கிட்டு அடைய திரும்ப ஈகிட்டயே குடுத்துடலாம். இத ஒருத்தன் பொறுமையா காட்டினா அது பெரிய காரியம்.

மக்ளே, நான் உங்க அப்பா வயசுக்கு மேல. எனக்கும் 92ல எல்லாம் போச்சு, நான் அதோட விட்டுட்டு ரப்பர் பால் வெட்டப் போயிட்டேன், பத்து வருசம் கழிச்சுத்தான் திரும்ப வந்தேன். 3 பெட்டிய வச்சு விடாம நின்ன மனுசன்னா அவர் சொல்லுத ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேக்கணும்.

உன் சேனல தேடிப் பாத்தேன், 5, 6 வீடியோ பாத்தேன். எல்லாம் தேன் எடுக்குத வீடியோவாத்தான் இருக்கு. தேன் எடுக்குத வேலை வருசத்துல எத்தனை நாளு? ரப்பர் எல விழுந்து தை மாசம் புதுக் கொழுந்து வரும்போ அந்த எலக்காம்புல சுரக்குத தேனத்தான் நம்ம ஈ எடுக்குது, பூவுல இருந்து இல்ல, இதே முக்காவாசிப் பேருக்குத் தெரியாது, நீ அத ஒரு வீடியோவுலயும் காட்டல. பங்குனி முடிஞ்சா அந்த வரத்து முடிஞ்சுது. அதுக்கப்புறம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைல ஈ வெளிய போக முடியாம பட்டினி கெடக்கும், அந்த நேரத்துலதான் புதுசா பெட்டி வாங்குனவன் எல்லாத்தையும் தொலைக்கான். தேன் எடுத்த சந்தோசத்துல மொத்தத்தையும் எடுத்துட்டு சீனிப்பாகும் வைக்காம விட்டா கூட்டம் ஓடாம என்ன செய்யும். மெழுகுப் பூச்சி கேறும், எறும்பு கேறும். ஐப்பசி கார்த்திகைல கூட்டம் பலமாகும்போ பிரிக்கணும், எந்தக் கூட்டத்துல இருந்து ராணி செல்ல (புது ராணி வளருத அறைய) எடுக்கணும், எத எடுக்கப்பிடாது, இதத்தான் உங்க அப்பா 92க்குப் பொறகு ஒத்தைல இருந்து படிச்சிருக்காரு. அந்த வைரஸ் நோய்க்கு மருந்து கெடையாது, தாங்குத கூட்டத்தப் பாத்துப் பெருக்குததுதான் வழி. அத அவரு வாயால சொல்ல வை. மாசம் மாசம் அந்தந்த மாசத்து வேலைய எடு. ஒரு வருசம் ஆனா பெட்டி வச்சிருக்கறவன் ஒவ்வொருத்தனும் அந்தந்த மாசம் உன் வீடியோவத் தேடி வருவான், அடுத்த வருசமும் வருவான்.

இன்னொண்ணு. ஒரு வீடியோவுல தேன் சாப்பிட்டா சக்கரை வியாதி கொறையும்னு எழுதிப் போட்டிருக்க. அத இன்னைக்கே எடுத்துடு. அப்பிடி விளம்பரம் பண்றது 1954ல இருந்தே சட்டப்படி குத்தம், அது கெடக்கட்டும், நம்பி எவனாவது மாத்திரைய நிறுத்திட்டா என்ன செய்வ. ஒரு வயசுக்குள்ள உள்ள பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்கப்பிடாதுன்னு ஒரு வீடியோ போடு, அது பிரயோசனம்.

---

ஊசிநூல்_கும்பகோணம்:

தம்பி, நான் ஆரி வேலை சொல்லிக்குடுக்கறேன், பிளவுஸ் எம்ப்ராய்டரி. 2021ல ஆரம்பிச்சது. எனக்கு யூடியூப்ல 9 ஆயிரம் பேர்தான் இருக்காங்க, விளம்பரத்துல வர்றது கரண்ட் பில்லு கட்டற அளவுக்குத்தான், ஆனா மாசம் 25 ஆயிரம் 30 ஆயிரம் வகுப்புல வருது, அதனால என் அனுபவத்த சொல்றேன்.

ஆரம்பத்துல நான் பண்ணின தப்பு, ஆரி வேலை ஏ டு இஸட்னு ஒரே வகுப்பா வச்சது. 3 மாசம், 6000 ரூபா. நாலு பேர்தான் சேந்தாங்க, அதுலயும் ரெண்டு பேர் பாதில நின்னுட்டாங்க, ஒருத்தங்க பணத்த திருப்பிக் கேட்டு ஒரே சங்கடமாப் போச்சு. அப்புறம் யூடியூப் கமெண்ட்ல எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருதுன்னு ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். முக்காவாசி ஒரே கேள்விதான், ஊசி துணில மாட்டிக்குது, சங்கிலித் தையல் லூசா வருது. அத மட்டும் வச்சு 10 நாள் வகுப்பு, 600 ரூபா, வாட்ஸ்அப் குரூப்ல தினமும் ஒரு வீடியோ, அவங்க தச்சு போட்டோ அனுப்பணும், நான் எங்க தப்புன்னு வாய்ஸ் நோட்டுல சொல்லுவேன். முதல் தடவையே 31 பேர். அவங்கள்ல பாதிப் பேர் அடுத்த வகுப்புக்கும் வந்தாங்க. ஜனங்க வீடியோவுக்குக் காசு குடுக்கறதில்ல தம்பி, வீடியோதான் ஃப்ரீயா கொட்டிக் கெடக்கே, தான் பண்ணினத ஒருத்தங்க பாத்து திருத்தறாங்கல்ல, அதுக்குத்தான் குடுக்கறாங்க.

உங்களுக்கு வந்த கேள்விங்களையும் அப்படி எழுதிப் பாருங்க. ஈ ஓடிப்போச்சு, புழு செத்துக் கெடக்கு, இந்த ரெண்டுமே அப்பா உக்காந்து ஒரு ஒருமணி நேரம் பேசற விஷயம். புதுசா பெட்டி வாங்கினவங்களுக்கு முதல் 3 மாசம்னு ஒரு குரூப் வைங்க. அவங்க பெட்டியத் தொறந்து போட்டோ அனுப்பட்டும், அப்பா பாத்து சொல்லட்டும்.

குரல் பத்தி மேல சொன்னாங்க, நானும் அதான் சொல்ல வந்தேன். எங்க மாமியார்கிட்டதான் நான் தையல் கத்துக்கிட்டேன், அவங்க கை மட்டும் வர்ற மாதிரி எடுத்த வீடியோவுக்குத்தான் இன்னைக்கும் அதிகமா வியூ. முகத்த காட்ட கூச்சப்பட்டாங்க, சரின்னு விட்டுட்டேன், கை போதும்.

கேமரா எதுவும் வாங்காதீங்க. போனே போதும். ஆனா சட்டைல குத்தற மைக் ஒண்ணு வாங்குங்க, 600, 700 ரூபாய்க்கு கெடைக்குது. படம் கொஞ்சம் மங்கினா பாப்பாங்க, காத்து இரைச்சல்ல பேச்சு கேக்கலைன்னா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

இன்னொரு விஷயம், என் வீடியோவ ஒருத்தர் அப்படியே எடுத்து ஏதோ கம்ப்யூட்டர் குரல் வச்சு தன்னோடதுன்னு போட்டுட்டாரு. அழுதுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது யூடியூப் ஸ்டுடியோவுலயே காப்பிரைட் புகார் குடுக்கற இடம் இருக்குன்னு, 4 நாள்ல எடுத்துட்டாங்க. உங்க மூல வீடியோவ எல்லாம் அழிக்காம ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைங்க.

---

வரவுசெலவு_விருதை:

நல்ல பதிவு. நான் வரிக் கணக்கு எழுதற ஆள், சேனல் வச்சிருக்கற 10, 12 பேருக்குப் பாக்கறேன், பணம் வர ஆரம்பிச்சப்புறம் முழிக்கறதுக்குப் பதிலா இப்பவே தெரிஞ்சு வச்சுக்கங்க.

ஆட்சென்ஸ் கணக்கு (யூடியூப் விளம்பரப் பணம் வந்து சேர்ற கூகுள் கணக்கு) யார் பேர்லன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. ஒரு ஆளுக்கு ஒரு கணக்குதான். பேரு பேங்க்ல உள்ள பேரோட ஒத்துப்போகணும். கணக்குல 10 டாலர் சேந்ததும் வீட்டு அட்ரஸுக்கு ஒரு பின் நம்பர் லெட்டர் வரும், கதவு நம்பர், பின்கோடு எல்லாம் சரியா குடுக்கலைன்னா அது வராது, என் கிளையன்ட் ஒருத்தருக்கு மூணு தடவ அனுப்பியும் வராம போஸ்ட்மேன்கிட்ட சொல்லி வச்சு வாங்கினோம். 100 டாலர் ஆனாதான் பணம் பேங்குக்கு வரும், மாசம் 21லேந்து 26 தேதிக்குள்ள.

அமெரிக்க வரி படிவம் ஒண்ணு கேப்பாங்க, அத நிரப்பாம விட்டுடாதீங்க. நிரப்பி நம்ம நாட்டு ஒப்பந்தத்தக் காட்டிட்டா அமெரிக்கால இருந்து பாத்தவங்களால வந்த பணத்துல மட்டும் 15 சதவீதம் பிடிப்பாங்க. விட்டுட்டா மொத்த வருமானத்துலயும் 24 சதவீதம் போயிடும். தமிழ் சேனலுக்கு அமெரிக்காலேந்து வர்ற பங்கு கம்மி, அதுக்காக மொத்தத்துல விடறது வயித்தெரிச்சல்.

கம்பெனிக்காரங்க பெட்டி, மெஷின்னு ஃப்ரீயா அனுப்பி வீடியோ போடச் சொல்லுவாங்க. ஒரு வருஷத்துல ஒரு கம்பெனிலேந்து 20,000 ரூபாய்க்கு மேல பொருள் வந்தா 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கற வரி) உண்டு, 2022 ஜூலைலேந்து இருக்கு. அப்படி வாங்கிட்டு போடற வீடியோவுல இது விளம்பரம்னு சொல்லியே ஆகணும்.

தேன் பாட்டில்ல போட்டு வித்தா ஃபுட் சேஃப்டி ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம், சின்ன வியாபாரத்துக்கு வருஷம் 100 ரூபாதான், ஆன்லைன்லயே பண்ணலாம். லேபிள்ல அந்த நம்பர், எடை, தேதி, விலை இருக்கணும். மார்த்தாண்டம் தேனுக்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்சிருக்கு. அந்தப் பேரையும் முத்திரையையும் லேபிள்ல போடணும்னா உரிமம் உள்ள பயனாளரா அப்பா பேரப் பதிவு பண்ணணும். மார்த்தாண்டத்துலயே 39 வருஷமா ஈ வளக்கறவருக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு, அதச் செஞ்சுடுங்க.

கடைசியா, கணக்கு அப்பா பேர்லயா உங்க பேர்லயான்னு வீட்டுல உக்காந்து பேசுங்க. அறிவு அவரோடது, உழைப்பு ரெண்டு பேரோடதும். பணம் வந்தப்புறம் பேசினா மனஸ்தாபம் வருது, நான் கண்ணால பாத்திருக்கேன்.

---

குழித்துறை_தேன்கூடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி எல்லா பதிலையும் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பேச்சிப்பாறை ஐயா எழுதினத ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாரு. சக்கரை வியாதி வீடியோவ எடுத்துட்டேன். அது வேற ஒரு இடத்துல படிச்சத நான் சேத்தது, அப்பாவுக்கு அப்படி எழுதினதே தெரியாது, கேட்டதும் கோவிச்சுட்டாரு.

கோபி அண்ணன் சொன்னப்புறம் 11 மாசத்து கமெண்டையும் முதல்ல இருந்து ஒரு நோட்டுல எழுதினேன். 214 கேள்வி. அதுல 61 பேர் பெட்டி கேட்டிருக்காங்க. 48 பேர் ஈ ஓடினதப் பத்தி. இத நான் தொல்லைன்னு நெனச்சிருக்கேன்.

எழுதும்போதுதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, இன்னும் மனசு ஆறல. நான் வாய்ஸ் குடுக்காம அப்பா பேச்ச அப்படியே விட்ட ஒரே வீடியோவுல மழைக்காலத்துல சீனியும் வெள்ளமும் சமமா கலக்கி வைக்கணும்னு சொல்லிருப்பாரு. எங்க பக்கம் வெள்ளம்னா தண்ணி. அந்தியூர்ல இருந்து ஒருத்தர் சர்க்கரையோட வெல்லத்தக் கரைச்சு வச்சிருக்காரு, ஈ எல்லாம் கழிஞ்சு பெட்டி முன்னால செத்துக் கெடந்துதுன்னு எழுதிருக்காரு, நான் 5 மாசமா அதுக்குப் பதில் கூட போடல. இன்னைக்கு அவரக் கூப்பிட்டு அப்பாவே பேசினாரு. வர்ற கார்த்திகைல கூட்டம் பிரிக்கும்போ ஒரு பெட்டி அனுப்புதேன்னு சொல்லிட்டாரு, காசு வேண்டாம்னுட்டாரு.

அதனாலதான் ஒரு சந்தேகம். அப்பா பேச்ச அப்படியே விட்டா இப்படி வேற ஊர்க்காரங்களுக்குத் தப்பாப் புரியுது, நான் பேசினா உயிரில்லன்னு சொல்லுதீங்க. என்ன பண்ண?

---

ஊசிநூல்_கும்பகோணம்:

அப்பாவே பேசட்டும் தம்பி. அவர் வெள்ளம்னு சொல்றப்போ தண்ணின்னு கீழ எழுத்து போடுங்க, அவ்வளவுதான். அந்த மாதிரி எத்தனை வார்த்தை இருக்கும், 20 இருக்குமா? அந்த வெல்லம் வெள்ளம் விஷயத்தையே தனி வீடியோவா போடுங்க, அந்தியூர்காரர் சம்மதிச்சா அவர் போன்ல பேசினதையும் சேருங்க. தப்ப சொல்றதுக்குக் கூச்சப்படாதீங்க, அதுக்கு அப்புறம்தான் உங்கள நம்புவாங்க.

---

காயில்கட்டு_கோபி:

அந்தியூர் எனக்குப் பக்கந்தானுங்க. அவருக்கு பெட்டி அனுப்பறப்போ சொல்லுங்க, பஸ் ஸ்டாண்டுல நான் எறக்கிக் கொடுத்தர்றேன்.

---

குழித்துறை_தேன்கூடு:

ரெண்டு மாசம் கழிச்சு வந்து எழுதுதேன், கேட்டவங்களுக்காக.

மைக் வாங்கினேன், 650 ரூபா. அப்பாவே பேசுதாரு. 9 வீடியோ போட்டிருக்கோம், எடிட் ஒரு நாள்ல முடியுது. சப்ஸ்கிரைபர் 1,340 ஆச்சு, மணி நேரம் 2,900 பக்கம், விளம்பரப் பணம் இன்னும் இல்ல. வெள்ளம் வீடியோவ 11 ஆயிரம் பேர் பாத்திருக்காங்க, அதுல நெறைய பேர் அவங்கவங்க ஊர்ல தேனீக்கு, அடைக்கு, ராணிக்கு என்ன பேருன்னு கமெண்ட்ல எழுதிருக்காங்க, அப்பா தினமும் சாயங்காலம் அத வாசிக்கச் சொல்லிக் கேக்காரு.

முதல் 3 மாசம்னு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம், ஆளுக்கு 500 ரூபா, 17 பேர் இருக்காங்க. வாரம் ஒரு நாள் ராத்திரி 8 மணிக்கு அப்பா போட்டோவெல்லாம் பாத்து ஒவ்வொருத்தருக்கும் சொல்லுவாரு. ஒருத்தர் அனுப்பின போட்டோல புழு அறைக்குள்ள தலைய மேல தூக்கிட்டு பை மாதிரி செத்து நின்னுது. அப்பா பாத்த உடனே எந்திச்சுட்டாரு, 92ல பாத்த அதே நோய். அன்னைக்கே அந்தப் பெட்டியத் தள்ளி வைக்கச் சொல்லி, அதுல உள்ள சட்டத்த வேற பெட்டிக்கு மாத்தப்பிடாதுன்னு சொல்லி, மத்த 6 பெட்டியும் இதுவரைக்கும் நல்லா இருக்கு.

பெட்டிக்கு 23 ஆர்டர் இருக்கு, ஆனா அப்பா 12தான் குடுப்பேன்னுட்டாரு, பிரிக்கறதுக்குப் பலம் இல்லாத கூட்டத்தப் பிரிச்சு விக்க மாட்டாராம். மிச்சப் பேருக்கு அடுத்த கார்த்திகைன்னு சொல்லியாச்சு, ரெண்டு பேர் மட்டும் கோவிச்சுட்டு வேற இடம் போனாங்க. ரப்பர் தேன்ல ஈரம் அதிகம், ரூல்படி 20 சதவீதத்துக்கு மேல போகப்பிடாதுங்கதால ஈ இன்னும் மெழுகு வச்சு மூடாத அடைல இருந்து எடுக்கறத அப்பா நிறுத்திட்டாரு, அளவு கொறஞ்சுது, ஆனா பாட்டில் தேன் கிலோ 380 ரூபாய்க்குப் போவுது. ஆட்சென்ஸ் அப்பா பேர்லதான் எடுக்கப் போறோம். பின் லெட்டருக்கு போஸ்ட்மேன் அண்ணன்கிட்ட சொல்லி வச்சாச்சு.

பேச்சிப்பாறை ஐயா, அப்பா உங்களப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காரு. கொசுத்தேனீ (கொட்டாத சின்ன ஈ) வளக்கறதப் பத்தி எடுக்கணும்னு ஆசை, அது அவருக்கு அவ்வளவாப் பழக்கமில்ல. உங்ககிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டோம்.

---

பேச்சிப்பாறை_பழையவன்:

இருக்கு மக்ளே, மூங்கில்ல 14, மண் கலயத்துல 5. ஞாயித்துக்கிழம காலைல வாங்க, வெயில் ஏறுதக்கு முன்னால வரணும். கறுப்புச் சட்ட போட்டுட்டு வராத. அப்பாவக் கூட்டிட்டு வா, மீன்கறி வச்சிருப்பேன்.